குளத்தங்கரையும் கல்யாண தீர்த்தமும்

நம் நாட்டில் ஒரு பெரிய மனிதர் இறந்துபோனால் உடனே அவருக்கு ஓர் அடைமொழி கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி யாரும் மெனக்கெட்டு யோசிக்க வேண்டியதில்லை. வ.வே.சு. ஐயருக்கு இப்படி மூன்று அடைமொழிகள் கிடைத்திருக்கின்றன. அரசியல் பேசுகிறவர்களுக்கு அவர் புரட்சி வீரர். இலக்கியம் பேசுகிறவர்களுக்குத் தமிழ்ச் சிறுகதையின் தந்தை. சாதி ஒழிப்புப் பேசுகிறவர்களுக்குச் சேரன்மாதேவி குருகுலத்துக் குற்றவாளி. இந்த மூன்று கூட்டத்தாரும் ஒரே பந்தலில் உட்காருவதே இல்லை. ஒருவர் எழுதிய சரித்திரத்தைப் படித்தால் மற்ற இரண்டு ஐயர்களும் வேறு யாரோ என்றுதான் தோன்றும்.

நாவல் எழுதுகிறவனுக்கு இது ஒரு பெரிய சங்கடம். பாத்திரம் என்பது ஒரே மனிதன்தான். அவன் லண்டனில் துப்பாக்கி சுடப் பழகியதும், புதுவையில் உட்கார்ந்து ஒரு பெண்ணின் துயரத்தைக் கதையாக எழுதியதும், தாமிரவருணிக் கரையில் பள்ளிக்கூடம் நடத்தியதும் ஒரே மனசின் காரியங்கள். அந்த மனசைப் பிடித்துக் காட்டியிருக்கிறதா என்பதுதான் ஐயரைப் பற்றி எழுதப்பட்ட எதற்கும் நான் வைக்கிற பரீட்சை. பெரும்பாலானவை இதில் தேறவில்லை. சம்பவங்கள் குறைவாக இருப்பதால் அப்படி நேரவில்லை. மிகுதியாக இருப்பதால்தான் நேர்ந்திருக்கிறது.

சம்பவங்களுக்குத்தான் என்ன பஞ்சம்! திருச்சி வரகனேரியில் 1881-ல் பிறந்த பையன். வக்கீல் தொழில் செய்தவர், ரங்கூனுக்குப் போய், அங்கிருந்து பாரிஸ்டர் ஆவதற்காக 1907-ல் லண்டன் போகிறார். சியாம்ஜி கிருஷ்ண வர்மா ஏற்படுத்தியிருந்த இந்தியா ஹவுஸில் சாவர்க்கரின் நட்புக் கிடைக்கிறது. சட்டப் புத்தகத்தோடு வேறு சில பாடங்களும் நடக்கின்றன. 1909 ஜூலை 1-ந் தேதி மதன்லால் திங்க்ரா கர்சன் வைலியைச் சுட்டுக் கொல்கிறார். அடுத்த ஆண்டு சாவர்க்கர் பிடிபடுகிறார். ஐயர் பாரிஸுக்குத் தப்பி காமா அம்மையாரிடம் போய்ச் சேருகிறார். 1910 ஜூலை 8-ந் தேதி மார்ஸேல் துறைமுகத்தில் சாவர்க்கர் கப்பலிலிருந்து குதித்து நீந்திக் கரையேறியபோது, அழைத்துப் போக வேண்டிய நண்பர்களின் வண்டி வந்து சேர நேரமாகிவிட்டது என்றும், அந்த வண்டியில் ஐயரும் இருந்தார் என்றும் சொல்வார்கள். பிறகு மாறுவேஷத்தில் நாடு நாடாகச் சுற்றி, அந்த ஆண்டே புதுச்சேரியில் வந்து இறங்குகிறார். பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துக்களைக் கண்டு சந்தேகப்பட்ட உளவாளியிடம், அது வீர விக்ரம் சிங் என்று சொல்லித் தப்பிய கதையை நம் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிவார்கள்.

நம் வரலாற்றாசிரியர்கள் இந்த இடத்தில் நன்றாக எழுதுகிறார்கள். தாடியும் தலைப்பாகையும் வந்தவுடன் பேனாவுக்கு ஒரு துள்ளல் வந்துவிடுகிறது. ஆனால் மாறுவேஷம் போட்ட மனிதனின் வாழ்க்கையில் வேஷம் போட்ட நேரம் எவ்வளவு? சில வாரங்கள். மீதியெல்லாம் காத்திருப்பு. புதுவையில் அவர் பத்து வருஷம் காத்திருந்தார். இருபத்தொன்பது வயதிலிருந்து முப்பத்தொன்பது வரை. ஒரு மனிதனின் நடு வயது முழுவதும் அது. தெருமுனையில் எப்போதும் பிரிட்டிஷ் உளவுக்காரர்கள். எல்லை தாண்டினால் கைது. யுத்தம் வந்த பிறகு, பிரெஞ்சுக்காரர்களே இவர்களை ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்துவிடுவார்களோ என்ற பயம். பாரதி, அரவிந்தர் என்ற அபூர்வமான அண்டை வீட்டார். வீட்டில் மனைவி, குழந்தைகள். இந்தப் பத்து வருஷத்தைத்தான் நம்மவர்கள் பத்துப் பக்கத்தில் தாண்டிவிடுகிறார்கள். நாவலாசிரியன் குடியேற வேண்டிய வீடு இதுதான்.

அந்தப் பத்து வருஷத்தின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமை குறுக்கே வருகிறது.

1908 மார்ச்சில் வ.உ. சிதம்பரம் பிள்ளை கைதான மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சுதேசிக் கப்பல் கம்பெனி நொறுங்கியது. அப்போது தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்த ஆஷ் துரையின் மேல் ஜனங்களின் கோபம் விழுந்தது. 1911 ஜூன் 17-ந் தேதி காலை, திருநெல்வேலிக் கலெக்டராகிவிட்ட ஆஷ், மணியாச்சி ரயில் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். அருகே மனைவி. கொடைக்கானலில் இருந்த குழந்தைகளைப் பார்க்கப் புறப்பட்டிருந்தார்கள். செங்கோட்டையைச் சேர்ந்த, புனலூர்க் காட்டிலாகாவில் வேலை பார்த்த வாஞ்சிநாதன் என்ற இளைஞன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டான். பிறகு ஓடிப்போய் அதே துப்பாக்கியால் தன்னையும் சுட்டுக்கொண்டு மடிந்தான். அவன் முன்னரே புதுவைக்கு வந்திருந்தான் என்பதும், அங்கே ஐயர் அவனுக்குக் குறி பார்த்துச் சுடக் கற்றுக்கொடுத்தார் என்பதும் அந்தக் காலத்து மனிதர்கள் பலர் சொல்லி நிலைபெற்றுவிட்ட செய்தி. வழக்கில் பதினாலு பேர் கூண்டில் நின்றார்கள். நீலகண்ட பிரம்மச்சாரி முதல் எதிரி. அவருக்கு ஏழு வருஷம். பிரெஞ்சு மண்ணில் இருந்த ஐயரைச் சட்டம் தொடவில்லை.

வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதத்தைப் பற்றி இன்று பலரும் பேசுகிறார்கள்; பேசத்தான் வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு எதிராக எழுதப்பட்ட கடிதம் அது. நாட்டின் விடுதலையும் சனாதன தர்மமும் அதில் ஒரே மூச்சில் வருகின்றன. அதைவிட மோசம், வெள்ளை அரசனை இழித்துச் சொல்வதற்கு நம் நாட்டிலேயே மிதிக்கப்பட்ட மக்களின் சாதிப் பெயர் ஒன்று வசவாகப் பயன்பட்டிருக்கிறது. உயிரைக் கொடுக்கத் துணிந்தவனின் கடைசி எழுத்தில் இந்தச் சொல் இருக்கிறது. அவன் துணிவை மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மனிதன் சாகத் துணிந்துவிட்டான் என்பதனாலேயே அவன் நெஞ்சில் உள்ளதெல்லாம் சுத்தமாகிவிடாது என்பதற்காகச் சொல்கிறேன். பாட்டாக எழுதினால் இதை மறைத்துவிடலாம். நாவலாக எழுதினால் மறைக்க முடியாது. நம்மவர்கள் நாவலுக்குப் பயப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது 1915-க்கு வருவோம். மணியாச்சிக்கு நாலு வருஷம் கழித்து, 'விவேகபோதினி'யில் ஐயர் எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' வெளிவருகிறது. பாடப் புத்தகங்களின் வழியாகத் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் இதைப் படித்திருப்பீர்கள். கதையை ஒரு மரம் சொல்கிறது. ருக்மிணி என்ற பெண். அவளுக்குச் சிறு வயதில் மணம் செய்வித்த நாகராஜன். அர்பத்நாட் கம்பெனி முறிந்ததில் பெண்ணின் தகப்பனார் காமேசுவரையர் பணத்தை இழக்கிறார். உடனே சம்பந்தி வீட்டாரின் மனசு மாறுகிறது. பையனுக்கு வேறு பணக்காரப் பெண்ணைப் பார்க்கிறார்கள். நாகராஜன் நல்லவன். பெற்றோருக்கு இணங்குவதுபோல நடித்து, மணமேடை வரை போய், கடைசி நொடியில் எல்லாவற்றையும் உடைத்தெறிந்துவிட்டு ருக்மிணியையே ஏற்பது என்று திட்டம் போடுகிறான். நண்பனிடம் மட்டும் சொல்கிறான். ருக்மிணியிடம் சொல்லவில்லை. அவள் குளத்தில் மூழ்கி உயிரை விடுகிறாள். அவன் சந்நியாசியாகிப் போகிறான்.

இந்தக் கதைக்குத் தாகூரின் 'காட்டேர் கதா' மூலம் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, ஐயரின் தந்தைப் பட்டத்தைப் பறித்துவிட்டதாகச் சிலர் திருப்திப்படுகிறார்கள். பட்டம் போனால் போகட்டும். பாரதியின் 'ஆறில் ஒரு பங்கு' முந்தியதா, இது முந்தியதா என்ற வழக்கும் எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. ஐயர் எதை எடுத்துக்கொண்டார் என்பதைவிட எதைச் சேர்த்தார் என்று பார்த்தால்தான் நமக்கு லாபம்.

தாகூரின் கதையில் பேசுவது கங்கைக்கரைப் படித்துறை. அங்கும் ஒரு பெண் நீரில் இறங்கி மறைகிறாள். ஒரு சந்நியாசி அவளிடம் தன்னை மறந்துவிடும்படி சொல்லிவிட்டுப் போகிறான். அந்தக் கட்டளையைத் தாங்க முடியாமல் அவள் போகிறாள். அங்கே சதித்திட்டம் எதுவும் கிடையாது. ஐயர் எடுத்துக்கொண்டவை பேசும் சாட்சி, நீரில் மறையும் பெண், சந்நியாசி என்ற மூன்று. அவர் தாமாகச் சேர்த்தது ஒன்று: நல்ல எண்ணத்தோடு காக்கப்பட்ட ஒரு ரகசியம். கதையின் முழு பாரமும் இந்த ஒரு சேர்க்கையின் மேல்தான் நிற்கிறது.

நாகராஜனைச் சற்று உற்றுப் பாருங்கள். வீட்டாரை எதிர்த்து வெளிப்படையாகப் பேசுகிற தைரியம் அவனுக்கு இருக்கிறது. ஆனால் அது அவனுக்குப் போதவில்லை. நாடகமாக நடத்த வேண்டும், எதிரி எதிர்பாராத கணத்தில் அடி விழ வேண்டும், அதுவரை யாருக்கும் மூச்சு விடக் கூடாது என்று நினைக்கிறான். நம்பிக்கையான ஒருவனுக்கு மட்டும் தெரிவிக்கிறான். இது யாருடைய புத்தி? ரகசிய சங்கத்தில் சத்தியம் செய்துகொடுத்தவனின் புத்தி. லட்சியம் உயர்ந்தது, திட்டம் சாமர்த்தியமானது, தேதி குறித்தாகிவிட்டது. திட்டத்தில் ஒரே ஒரு பிழைதான். யாருக்காக இத்தனையும் நடக்கிறதோ அவளுக்கு இது தெரியாது. தெரியாதவள் தான் விலை கொடுக்கிறாள்.

ஐயர் தம்மைப் பற்றி நினைத்து இதை எழுதினார் என்று நான் சாதிக்க வரவில்லை. எழுத்தாளன் தன்னை எங்கே ஒளித்து வைக்கிறான் என்பது அவனுக்கே தெரியாத விஷயம். ஆனால் லண்டன், பாரிஸ், புதுவை என்று எட்டு வருஷம் மறைவிலேயே வாழ்ந்த ஒருவர், நாலு வருஷத்துக்கு முன் தம்மிடம் பாடம் கேட்டுப்போன பையன் ஒரு ரயில் நிலையத்தில் மாண்டதைக் கேள்விப்பட்ட ஒருவர், எழுத உட்கார்ந்தபோது பேனாவிலிருந்து வந்தது, சொல்லாமல் வைத்ததால் செத்துப்போன ஒரு பெண்ணின் கதை. இது கவனிக்கத் தக்கது என்று மட்டும் சொல்கிறேன். சாட்சியாக அவர் நிறுத்தியிருக்கும் மரத்தையும் பாருங்கள். அதற்கு நாகராஜனின் திட்டம் தெரியும். ருக்மிணியின் தவிப்பும் தெரியும். எல்லாம் தெரிந்தும் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்ல அதற்கு வாயில்லை. பிறகு நம்மிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசுகிறது.

கலை நோக்கில் கதைக்குக் குறைகள் உண்டு. மரத்தின் பேச்சு பல இடங்களில் பாட்டிமார் பேச்சாக நன்றாக ஓடினாலும், ருக்மிணியின் அழகை வர்ணிக்கும்போது கம்பனைக் கரைத்துக் குடித்த பண்டிதரின் குரல் உள்ளே புகுந்துவிடுகிறது. விளையாட்டுக்குக்கூடப் பெண்களின் மனசை நோகடிக்காதீர்கள் என்கிற முடிவுப் போதனை கதையைச் சிறிதாக்குகிறது. கதை சொன்னது அதைவிடப் பெரிய விஷயம். இருந்தும், 'மங்கையர்க்கரசியின் காதல்' தொகுதியில் உள்ள ராஜகுமாரர்களும் வீராங்கனைகளும் மங்கிப்போய், இந்த ஏழைப் பிராமணப் பெண் ஒருத்தி மட்டும் உயிரோடு நிற்பதற்குக் காரணம், நெப்போலியனையும் கரிபால்டியையும் வழிபட்டு எழுதிய அதே ஐயர் இந்த ஓர் இடத்தில் வீரத்தின் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டார் என்பதுதான்.

பார்த்துவிட்டால் மட்டும் போதுமா? எழுத்தில் கண்ட ஞானத்தை வாழ்க்கையில் கடைப்பிடிப்பது வேறு வித்தை.

1920-ல் பொது மன்னிப்புக் கிடைத்து ஐயர் வெளியே வந்தார். துப்பாக்கியை விட்டுக் காந்தியின் வழிக்கு வந்திருந்தார். இந்த இரண்டு பேருக்கும் பழைய பழக்கம் உண்டு. 1909-ல் லண்டனில் இந்தியர்கள் நடத்திய விஜயதசமி விருந்துக்குத் தலைமை வகிக்க வந்த காந்தி, யாரென்று சொல்லிக்கொள்ளாமல் சமையற்கட்டில் இளைஞர்களோடு சேர்ந்து வேலை செய்தார் என்பது அந்த நாட்களின் நினைவுகளில் வருகிற அழகான காட்சி. எச்சில் வேற்றுமை இல்லாத அந்தப் பந்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 'தேசபக்தன்' பத்திரிகையில் வந்த கட்டுரைக்காக ஐயர் பெல்லாரிச் சிறைக்குப் போய் அங்கே கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் அருமையான ஒரு நூலை எழுதினார். திரும்பி வந்து, தாமிரவருணிக் கரையில், சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலத்தை நிறுவினார். தாய்மொழிக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி, தேசபக்தி. தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகத் தீர்மானித்து முதலில் ஐயாயிரம் தந்தது. எல்லாச் சாதியாரும் கொடுத்தார்கள்.

அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சோறு போடப்பட்டது. பெற்றோருக்கு ஐயர் கொடுத்த வாக்கு. தம் சொந்த வாழ்க்கையில் அவர் சாதி பார்த்தவரல்லர் என்று பழகியவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள்; நான் அதை நம்புகிறேன். அதனால்தான் காரியம் இன்னும் கசக்கிறது. பணம் கொடுத்தவர்களில் பலருக்கு இந்த ஏற்பாடு பிறகே தெரிய வந்தது. வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமி நாயக்கரும் கேள்வி எழுப்பினார்கள். இருக்கிற இரண்டு பேருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றலாம், இனிமேல் இப்படிச் சேர்க்கக் கூடாது என்று காந்தி சமரசம் சொன்னார். 1925 ஏப்ரல் கடைசியில், பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்ற எஸ். ராமநாதனின் தீர்மானம் காங்கிரஸ் கமிட்டியில் நிறைவேறியது. ராஜகோபாலாச்சாரியார் முதலியோர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஐயர் குருகுலப் பொறுப்பை விட்டார். அந்த ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மகாநாட்டோடு ராமசாமி நாயக்கர் காங்கிரஸையே விட்டுப் போனார். பிற்காலத்துத் தமிழ்நாட்டு அரசியலின் பாதி அந்தச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து புறப்பட்டது.

எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. தனியே உட்காரவைக்கப்பட்ட இரண்டு பேரைப் பற்றியே ஐயர் நினைத்தார். மற்றப் பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் காலி இடம் தினமும் என்ன சொல்லியிருக்கும் என்று நினைக்கவில்லை. அங்கே இருந்தது தீய எண்ணம் என்று எனக்குத் தோன்றவில்லை. கொடுத்த வாக்கு என்ற வைராக்கியம், நாளடைவில் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை, சம்பந்தப்பட்டவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமை. நாகராஜனின் குணங்கள் மூன்றும் இங்கே இருக்கின்றன. தாம் எழுதிய கதையை ஐயர் மறுபடி படித்துப் பார்த்திருக்கலாம்.

சில வாரங்களிலேயே முடிவு வந்தது. 1925 ஜூன் தொடக்கத்தில் மாணவர்களோடு பாபநாசத்துக்கு மேலே உள்ள அருவியைப் பார்க்கப் போனார். மகள் சுபத்திரையும் உடன் போனாள். பொதிகையிலிருந்து இறங்கும் ஆறு கல்யாண தீர்த்தத்தில் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி விழுகிறது. அகத்தியருக்குச் சிவபெருமான் திருமணக் காட்சி கொடுத்த இடம் என்று ஐதீகம். ஓடையைத் தாண்டப் போன பெண் நீரில் விழுந்தாள். தகப்பனார் அவளைப் பிடிக்கக் குதித்தார். இருவரும் போய்விட்டார்கள். அவருக்கு நாற்பத்து நாலு வயது.

இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். ஒரு கூட்டத்தாருக்கு இது வீரமரணம். தேசத்துக்காக வாழ்ந்த தியாகி மகளுக்காக மாண்டார் என்று ஒரு வாக்கியத்தில் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். இன்னொரு கூட்டத்தார், சேரன்மாதேவிக் கவலை அவரைக் கொன்றது என்றோ, செய்ததற்குக் கிடைத்தது என்றோ ஜாடையாகச் சொல்வார்கள். இலக்கிய ரசிகர்களோ ருக்மிணியும் நீரில், சுபத்திரையும் நீரில் என்று கண்டுபிடித்து விதியை வியப்பார்கள். இந்த மூன்றாவது சபலம் எனக்கும் உண்டு. கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு பொருத்தம் கையில் கிடைத்தால் விடமாட்டான். ஆனால் விட வேண்டும். சுபத்திரை யாருடைய கதைக்கும் முடிவாகப் பிறந்தவள் அல்ல. அவள் ஓர் ஓடையைத் தாண்டப் பார்த்த குழந்தை. பாறை வழுக்கிற்று. தகப்பன் யோசிக்காமல் குதித்தான். அங்கே புரட்சி வீரரும் இல்லை, சிறுகதைத் தந்தையும் இல்லை, குருகுலக் குற்றவாளியும் இல்லை. தாமிரவருணிக் கரையில் எந்தத் தகப்பனும் செய்திருக்கக் கூடிய காரியம் அது.

வாழ்நாளெல்லாம் திட்டம் போட்ட மனிதர், ரகசியம் காத்த மனிதர், வாக்குக் காத்த மனிதர், கடைசியில் திட்டமும் ரகசியமும் வாக்கும் இல்லாத ஒரு கணத்தில் போனார். இதில் நீதி எதுவும் இல்லை. நீதி தேடாமல் இதை எழுதத் தெரிந்த ஒருவர் வந்தால் ஐயருக்கு நாவல் கிடைக்கும். அவர் மணியாச்சிப் பெட்டியில் உட்கார்ந்திருந்த ஆஷின் மனைவியையும் பார்ப்பார். செங்கோட்டையில் வாஞ்சி விட்டுப்போன வீட்டையும் பார்ப்பார். சேரன்மாதேவியில் பொதுப் பந்தியில் உட்கார்ந்து தனிப் பந்தியை நோக்கிய பையனின் கண்ணையும் பார்ப்பார். வழக்கின் முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி பிற்காலத்தில் மைசூர்ப் பக்கம் நந்தி மலையடியில் சாமியாராக வாழ்ந்தாரே, அவரையும் மறக்க மாட்டார்.

அதுவரை 'குளத்தங்கரை அரசமர'த்தை இன்னொரு தடவை எடுத்துப் படியுங்கள். முதல் சிறுகதையா என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வையுங்கள். நாகராஜன் குளக்கரையில் ருக்மிணியை விட்டுத் திரும்பி நடக்கும் இடம் வரும். அவனுக்கு மனசு நிறைந்திருக்கிறது. இன்னும் ஓரிரு நாளில் அவள் எவ்வளவு சந்தோஷப்படப் போகிறாள் என்ற நினைப்பு. அந்த இடத்தில் ஐயரைப் பற்றி எந்த வரலாற்றிலும் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைக்கும்.